சுரண்டினால்தான் தெரியும்

"இது என்ன மரம் மக்களே?" என்று டீச்சர் கேட்டபோது, கட்டிலின் ஒரு கால் என் இரண்டு கைகளுக்குள் தலைகீழாக இருந்தது. என் வீட்டுக்காரர் வெளியே வண்டியில் பெஞ்சைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கால் முழுக்க நீலப் பெயிண்ட். ஆனால் தரையில் ஊன்றும் அடிப்பக்கத்துக்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. அங்கே, ஒரு சாயா கிளாஸின் அடி அளவுக்கு, மரம் வெறுமனே தெரிந்தது. கறுப்பும் ஊதாவும் கலந்த ரேகைகள். கனமும் சாதாரணக் கனமில்லை. அந்தப் பருமனில் தேக்குக்கால் என்றால் ஒரு கையால் தூக்கிவிடலாம். ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட், என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. "பெயிண்ட் அடிச்சிருக்கே டீச்சர், சுரண்டினாத்தான் தெரியும்" என்றேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஒரு வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை. அதைப் பொய் என்று சட்டென்று யாரும் சொல்லிவிட முடியாது. பெயிண்ட் அடித்த மரத்தைச் சுரண்டினால்தான் தெரியும் என்று எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வார்கள், பல நேரம் உண்மையும் அதுதான். ஆனால் நான் சொன்னபோது எனக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் பழைய மரச்சாமான்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறோம். பதினொரு வருடமாக இதுதான் பிழைப்பு. வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் சாலை பஜார் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பழகியவர். மரத்தை மரத்தோடு பூட்டுகிற காடி, கழுந்து, உடைந்த சட்டம், இற்றுப்போன பலகை எல்லாம் அவர் பொறுப்பு. பிரம்புப் பின்னலும் பாலிஷும் என்னுடையவை. எனக்குப் பிரம்பு பின்னக் கற்றுத்தந்தவர் பார்வையில்லாத ஒரு பெரியவர். நனைத்த பிரம்பை விரல் நுனியால் தடவியே எந்த இழை மேலே போகிறது, எது கீழே போகிறது என்று சொல்லிவிடுவார். இப்போதும் ஒரு நாற்காலியைப் பின்னி முடித்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தப்பும் கோணல் விரலுக்குத் தப்பாது.

எங்களுக்குச் சாமான் வருவது எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பழைய ஓட்டு வீடுகளிலிருந்து. களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று போய்க்கொண்டே இருக்கலாம். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இந்த இரண்டு பக்கமும் ஒரே நாடுதான். அதனால் வீடுகளும் ஒரே ஜாடை. நெல் போட்டுவைக்கிற அதே பத்தாயம், அதே கடைசல் கால் கட்டில், கை நீண்ட அதே சாய்வு நாற்காலி. நாங்கள் அயினி என்கிற மரத்தை அவர்கள் ஆஞ்சிலி என்பார்கள். மேசையின் இழுப்பறைக்கு அங்கே மேசவலிப்பு என்று பெயர். பிள்ளைகள் துபாயிலோ கனடாவிலோ இருப்பார்கள். வீட்டை இடிக்கவோ விற்கவோ முடிவாகும்போது யாராவது எங்கள் நம்பரைக் கொடுப்பார்கள்.

டீச்சர் வீடும் அப்படித்தான். பாறசாலையில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒதுங்கிய வீடு. அவர் பிறந்தது நம் பக்கம் கருங்கலில், கட்டிக்கொடுத்தது அங்கே. அதனால் பேச்சு முழுக்க விளவங்கோட்டுத் தமிழ். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம். தனியாக இருக்கிறார். வீட்டின் முன்பாகத்தை இடித்து மகன் புதிதாகக் கட்டப்போகிறான், அதற்குள் உள்ளறைச் சாமான்கள் போக வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். எங்களுக்குச் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் தந்தார். ஒரு மேசை, ஒரு பெஞ்சு, அந்த நீலக் கட்டில், மூன்றும் சேர்த்துப் பதினோராயிரம் என்று பேசி முடிந்தது. அதில் கட்டிலுக்கு நாங்கள் மனதுக்குள் போட்டிருந்தது நாலாயிரத்து ஐந்நூறு. திண்ணையில் சாருகசேரை என்கிற சாய்வு நாற்காலியும் ஒன்று கிடந்தது. பிரம்பு நடுவில் கிழிந்து தொங்கியது. "அது இப்பம் வேண்டாம், மழ கழிஞ்சு வாருங்க, தாறேன்" என்றார். மகன் கல்யாணத்துக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது ஜன்னல் கம்பிக்கு வாங்கியது மிச்சமிருக்க, அதைக் கட்டிலுக்கு அடித்துவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நீலத்துக்குக் கீழே

பழைய எனாமலை உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு இருந்ததென்று யாருக்குத் தெரியும்? அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போகும். அதனால் ரிமூவரைப் பூசிக் காத்திருந்து, பெயிண்ட் பொங்கிச் சுருங்கியதும் தகடால் மெதுவாக வழித்தெடுக்க வேண்டும். கடைசல் காலில் அதுவும் நடக்காது. ஒவ்வொரு வளையமாகத் தேங்காய் நாரை முறுக்கித் தேய்க்க வேண்டும். நாலு காலுக்கு எனக்கு ஆறு நாள் ஆனது.

முதல் நாள் தலைமாட்டுப் பலகையில் ஒரு கையகலம் நீலம் கழன்றதும் வீட்டுக்காரர் வேலையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். வெள்ளைத் துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன், துணி ஊதாவாகிவிட்டது. ஈட்டியின் சாயம் ஸ்பிரிட்டில் இப்படிக் கரைந்து இறங்கும். தேக்கோ அயினியோ துடைத்தால் இந்த நிறம் வராது. அவர் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து நாளாகியிருந்தது. "பிள்ளே, ஈட்டியாக்கும்!" என்றார். நானும் அப்போதுதான் பார்ப்பதுபோல "ஆமா" என்றேன். டீச்சரிடம் சொன்னதைவிட இது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஈட்டி இப்போது சும்மா கிடைக்கிற மரம் இல்லை. தமிழ்நாட்டில் 1994இல் ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. சொந்த நிலத்தில் நிற்கிற மரத்தைக்கூட அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்றது அது. கேரளத்தில் வயநாட்டு முட்டிலில் ஈட்டி மரங்களை வெட்டியது 2021இல் எவ்வளவு பெரிய வழக்கானது என்று இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். உலக அளவில் 2017 ஜனவரியிலிருந்து இந்த மர இனம் முழுக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. புது மரம் வராத இடத்தில் பழைய கட்டிலுக்கு விலை ஏறத்தானே செய்யும். நாகர்கோவிலில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் பாலிஷ் பாதியில் இருக்கும்போதே வந்து பார்த்தார். ஐம்பத்திரண்டாயிரம் என்று பேசி, பத்தாயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் மழை. ஈரக்காற்றில் அரக்குப் பாலிஷ் போட்டால் வெள்ளை பூத்துவிடும். வேலை நின்றது. கட்டில் பட்டறை நடுவில் பாதி மினுக்கத்தோடு நிற்க, நான் அதைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். கால் அடியைப் பார்த்தது, டீச்சர் கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும்.

யாருடைய வித்தியாசம்

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. நான் ஏன் இதை இத்தனை பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றுதான் அவருக்குப் புரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்கு இன்றுவரை என்னிடம் முழுப் பதில் இல்லை. "ஒரு கால தூக்கிப் பாத்ததும் ஈட்டின்னு சொல்ல உனக்கு எத்தன வருசம் ஆச்சு? டாக்டரு நாடியப் பிடிச்சுப் பாத்துட்டு ரூபா வாங்குறாரில்லியா? நம்ம அறிவுக்கும் கூலி உண்டும்." அப்புறம் எங்கள் பழைய அலமாரியை நினைவுபடுத்தினார். தேக்கு என்று சொல்லி ஒரு வீட்டில் ஒன்பதாயிரத்துக்குத் தலையில் கட்டினார்கள். பெயிண்டை எடுத்தால் முதுகுப் பலகை முழுக்கச் சிதல் தின்று வெறும் தோல்தான் நின்றது. கதவு இரண்டையும் தவிர எல்லாம் அடுப்புக்குப் போனது. "அந்த வீட்டுக்காரங்க நமக்கு ரூபாயத் திருப்பித் தந்தாங்களா?"

தரவில்லை. நாங்கள் கேட்கவுமில்லை. வாங்குகிறவர் கண்ணுக்குத்தான் பொறுப்பு என்று விட்டுவிட்டோம்.

ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குப் பட்டது. ஏன் ஒன்றில்லை என்று சொல்லத்தான் வெகுநேரம் வார்த்தை கிடைக்கவில்லை. பழைய சாமான் வியாபாரத்துக்கு ஜிஎஸ்டியில் ஒரு தனி விதி இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பவர் ஒருமுறை விளக்கியிருந்தார். பொருளின் தன்மை மாறாத அளவுக்குச் சின்ன வேலை மட்டும் பார்த்து விற்றால், முழு விலைக்கு வரி இல்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும்தான். அந்த வித்தியாசம் என்ற சொல் அன்று ராத்திரி எனக்கு உதவியது. டீச்சர் வீட்டு மேசையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பலாமரம். ஒரு கால் ஆடியது, மேல்பலகை பிளந்திருந்தது. இவர் பிளவுக்குள் அதே பலாவில் சீவல் இறக்கி ஒட்டினார், நான் ஐந்து நாள் பாலிஷ் போட்டேன். நாலாயிரத்துக்கு எடுத்தது ஒன்பதாயிரத்துக்குப் போனது. அந்த ஐயாயிரம் எங்கள் கையில் பிறந்தது. அதில் எனக்குக் கூச்சமே இல்லை. கட்டிலில் வந்ததும் உழைப்புதான், பத்தொன்பது நாள். ஆனால் அதே பத்தொன்பது நாளை ஒரு அயினிக் கட்டிலில் போட்டிருந்தால் பதினெட்டாயிரம் வந்திருக்கும். மீதி முப்பத்துநாலாயிரம் எங்கள் கையில் பிறக்கவில்லை. டீச்சருக்குத் தெரியாமல் இருந்ததில் பிறந்தது. அவர் தெரிந்துகொள்ளலாம் என்று வாய் திறந்து கேட்டபோது நான் மூடிவைத்ததில் பிறந்தது.

சுரண்டிய பிறகு தெரிந்திருந்தால் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். அலமாரியில் நட்டத்தை ஏற்றுக்கொண்டதுபோல இதில் லாபத்தையும் ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு பேருமே இருட்டில் நின்று செய்த வியாபாரம் அது. டீச்சர் வீட்டில் நான் மட்டும் வெளிச்சத்தில் நின்றிருந்தேன். இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செரி, என்ன செய்யலாங்க?" என்றார். பாதிக்குப் பாதி என்று நான் சொன்னேன். இருபது நாள் வாடகையும் ரிமூவர் செலவும் ஸ்பிரிட்டும் அரக்கும் யார் தருவார்கள் என்று அவர் கேட்டார். கணக்குப் போட்டுப் போட்டுக் கடைசியில் பதினைந்தாயிரம் என்று நின்றது. இது சரியான தொகையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்களால் முடிந்த தொகை அதுதான்.

இடையில் ஒரு விஷயம். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் தக்கலையில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போவதுண்டு. நிலம் தமிழ்நாட்டில், பராமரிப்பு கேரள அரசிடம். அங்கே மூலிகைக் கட்டில் என்று ஒன்று இருக்கிறது, 64 வகை மருத்துவ மரங்களால் செய்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இவர் ஒவ்வொரு முறையும் அதன் மூட்டுகளைப் பார்க்கக் குனிவார், காவலாளி எழுந்திருக்கச் சொல்வார். எனக்கு அங்கே தோன்றுவது வேறு. அந்தக் கட்டில் என்ன மரம், எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்குச் சம்பளத்துக்கு ஆள் நிற்கிறது. ஒரு சாதாரண வீட்டுக் கட்டிலுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. மாமியார் சொல்லியிருப்பார், அவர் போனதும் பேச்சும் போய்விடும். பிறகு வாங்க வருகிற எங்களைப் போன்றவர்கள்தான் அந்த வீட்டுக்குச் சொல்லத் தெரிந்த கடைசி ஆள்.

மறுபடியும் பாறசாலைக்கு

மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை வண்டியில் போனோம். டீச்சர் திண்ணையில் அந்தச் சாருகசேரைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலியைக் கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்து, "இன்னும் மழ கழியல்லியே" என்று சிரித்தார். இவர் விஷயத்தைச் சொன்னார். கட்டில் ஈட்டி என்று தெரிந்தது, நல்ல விலைக்குப் போகிறது, அதில் உங்கள் பங்கு இது என்று கவரை நீட்டினார். டீச்சர் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். முப்பது. எண்ணி முடித்து மறுபடியும் கவருக்குள் வைத்து, கவரை மடியில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார். முற்றத்தில் கோழி ஒன்று பயற்றுத்தொலியைக் கிளறிக்கொண்டிருந்தது.

"நீங்க அன்னைக்கே அறிஞ்சுதான் எடுத்தியளா?" என்று கேட்டார்.

இவர் உடனே, "இல்ல டீச்சர், சுரண்டினப்பந்தான் தெரிஞ்சுது" என்றார். அவரைப் பொறுத்தவரை அது சத்தியமான உண்மை. அவர் சுரண்டியபோதுதான் தெரிந்துகொண்டார். நான் பொய்யாகச் சொன்ன அதே வாக்கியம் அவர் வாயில் உண்மையாக வந்தது. நான் சும்மா இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். டீச்சர் எங்களை வாழ்த்தி அனுப்பியிருப்பார், ஊரெல்லாம் நல்லபடியாகச் சொல்லியிருப்பார். அந்த வாழ்த்து வேண்டும் என்று எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஆனால் அவர் இவரைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கும் என்னைத்தானே கேட்டார்.

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றேன். "கால தூக்கினப்பமே தெரியும்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பம் அந்த மேச?" என்று கேட்டார். மேசை பலாமரம்தான் டீச்சர் என்றேன். பெஞ்சு? பெஞ்சு அயினி. இவர் போனை எடுத்து மேசையின் போட்டோவைக் காட்டினார், பலாவின் மஞ்சள் எப்படிப் பழுப்பாகும் என்று விளக்கினார். டீச்சர் போனைப் பார்க்கவில்லை. அவர் கண் வாசல் பக்கமே இருந்தது. நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் நம்புவதற்கு அவரிடம் இப்போது என்ன காரணம் இருந்தது? ஒன்றில் மறைத்தவள் மூன்றிலும் மறைத்திருப்பாள் என்று நினைப்பதுதானே நியாயம். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று நினைத்துப் போனேன். அங்கிருந்து திரும்பியபோது லேசாகவில்லை.

வண்டியில் வரும்போது களியக்காவிளை வரை இவர் பேசவில்லை. சோதனைச்சாவடி இருந்த காலத்தில் சாமான் ஏற்றிக்கொண்டு வரிசையில் காத்துக் கிடந்த இடத்தைத் தாண்டும்போது சொன்னார். "ரூபா குடுத்தது செரிதான். அறிஞ்சுன்னு எதுக்குச் சொன்ன? அந்தம்மைக்கு இப்பம் ரூபாயும் கசக்கும்." அவர் சொன்னது சரியாக இருக்கலாம். டீச்சருக்குப் பணத்தோடு ஒரு வேதனையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேனோ என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த இடத்தில் இரண்டாம் தரமும் "சுரண்டினாத்தான் தெரியும்" என்பதற்குள் ஒளிந்துகொள்ள என்னால் முடியவில்லை. இதைப் பற்றி நாங்கள் இன்னமும் ஒத்துப்போகவில்லை. ஒரே பட்டறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை செய்கிறோம், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும் விலை பேசுவதற்கு முன்னால் சாமானைக் கவிழ்த்து, வெறும் மரம் தெரிகிற இடத்தை வீட்டுக்காரருக்குக் காட்டி, எனக்குத் தெரிந்த மரத்தின் பெயரைச் சொல்லிவிடுவேன். தெரியாவிட்டால் தெரியாது என்பேன். இதனால் போன சாமான்கள் உண்டு. தேக்கு என்று காதில் விழுந்ததும் "அப்பம் இருக்கட்டும், மவன் வந்ததும் கேக்கலாம்" என்று உள்ளே திரும்பி வைத்துவிடுவார்கள். சிலர் நாங்கள் சொன்ன பெயரை வைத்துக்கொண்டு வேறு ஆளிடம் கூடுதல் விலைக்குக் கொடுத்தார்கள். ஆவணி மாதம் மட்டும் நாலு வீடு கை நழுவியது. இவருக்கு வருத்தம்தான். ஆனாலும் போன மாதம் அமரவிளையில் ஒரு வீட்டில் நான் மறந்தபோது, அவரே குனிந்து பத்தாயத்தின் காலைக் கவிழ்த்து, "இது ஆஞ்சிலி கேட்டியளா, நல்ல மரம்" என்று சொல்வதைப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லவில்லை.

டீச்சரிடமிருந்து அப்புறம் போன் வரவில்லை. மழைக்காலம் போய் வெயில்காலமும் வந்துவிட்டது. அந்தச் சாருகசேரைக்கு எவ்வளவு பிரம்பு வேண்டும் என்று முதல் தடவை பார்த்தபோதே கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கட்டு பட்டறை மூலையில் தனியாகக் கிடந்தது. சென்ற வாரம் நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில் அந்தத் தெருவுக்குள் வண்டியை விடச் சொன்னேன். வீட்டின் முன்பாகத்தை இன்னும் இடிக்கவில்லை. திண்ணையில் அதே இடத்தில் நாற்காலி இருந்தது. பிரம்பு இருந்த இடத்தில் பச்சையும் வெள்ளையுமாக பிளாஸ்டிக் ஒயர் பின்னியிருந்தார்கள். வண்டியை நிறுத்தாமல் மெதுவாகப் போகச் சொல்லி எட்டிப் பார்த்தேன். ஓரம் பிசகாமல், இழுவை தளராமல், நன்றாகவே பின்னியிருந்தார்கள்.